வளைவு வரைக்கும்

மேகம் வீட்டுக்குள் வந்து போகிற மலையூர் அது. காலையில் கதவைத் திறந்தால் பால்காரருக்கு முன்னால் மேகம் உள்ளே நுழைந்துவிடும். ஊரின் உச்சியில் தையல்நாயகி என்ற மருத்துவர் இருந்தார். பெரிய ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, ஏலச்செடிகளோடு ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தார். அவருக்கு ஒரு சீடர் உண்டு. கீழே க்ளினிக் நடத்தும் குடும்ப டாக்டர் தேவசகாயம். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு ஐம்பத்திரண்டு. ஊரில் யாரும் இதை விநோதமாக நினைக்கவில்லை. மேகத்துக்குள் யாருக்கு என்ன வயது என்று தெரிகிறதா என்ன!

ஒரு நாள் சீடர் மூச்சு வாங்க மேடேறி வந்தார்.

"அம்மா, மனசே சரியில்ல."

"உக்காருங்க டாக்டர். முதல்ல மூச்சை விடுங்க."

"பவளம்னு ஒரு பேஷண்ட். பஸ் ஸ்டாண்டுல பணியாரக் கடை போடுறவங்க. மழைக்கு முன்னாடி வந்தாங்க, சர்க்கரை ஏறிக் கிடந்தது. அப்புறம் ஆளையே காணோம். இப்ப கால்ல புண்ணாம், ஒரு டிரைவர் சொன்னாரு. இப்படியே விட்டா காலை எடுக்கவேண்டி வரும். பயமா இருக்கும்மா."

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

சீடர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்வியில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எடை, உணவு, உடற்பயிற்சி பற்றி மாவட்டத்துக் குடும்ப டாக்டர்களுக்கு ஒரு தேர்வு வைத்தபோது பாதிப் பேர் திருதிருவென்று விழித்தார்கள். இவர் ஒருவர்தான் முழு மார்க். உயரத்துக்கு எவ்வளவு எடை, இடுப்புச் சுற்று எவ்வளவு, தட்டில் பாதி காய்கறி, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேர நடை. ஒப்பித்தார், ஒப்பித்தார், ஜன்னலில் நின்ற மேகமே அலுத்துப்போய்க் கிளம்பிவிட்டது.

"ஒரு தப்பும் இல்ல," என்றார் குரு.

"அப்புறம் ஏம்மா வரல?"

குரு உள்ளே போய் ஒரு குரங்குக் குல்லாவும் கம்பளிச் சால்வையும் எடுத்துவந்தார்.

"நாளைக்குக் காலைல இதைப் போட்டுக்கிட்டு வாங்க. உங்க க்ளினிக்குக்குப் போவோம். நீங்கதான் பேஷண்ட்."

"என் க்ளினிக்குக்கு நானேவா?"

"நல்ல டாக்டர்னு ஊரே சொல்லுது. போய்த்தான் பார்ப்போமே."

மறுநாள் க்ளினிக்குக்குள் முழங்கால் உயரத்துக்கு மேகம் கிடந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் பாதி மிதப்பதுபோல் இருந்தார்கள். குல்லாவுக்குள் இருப்பது யார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. டாக்டர் அறையின் கதவு வழக்கம்போலச் சாத்தியிருந்தது. வாசலில் எடை மெஷின். பக்கத்தில் கம்பவுண்டர் குருசு. பாவம், நல்ல மனிதர்தான். ஆனால் முள்ளைப் பார்ப்பாரே தவிர முகத்தைப் பார்க்கமாட்டார். எடையைச் சத்தமாகச் சொல்வார். உள்ளே இருக்கும் டாக்டர் எழுந்து வராமல் அதைக் கேட்டே எழுதிக்கொள்வார். இந்த ஏற்பாட்டைச் செய்தது சாட்சாத் தேவசகாயம்தான்.

"ஏறுங்க," என்றார் குருசு.

சீடர் ஏறினார். இத்தனை வருஷத்தில் அந்த மெஷினில் அவர் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

"தொண்ணூத்தி நாலூ!"

"அடேயப்பா! பஸ்ஸுல ரெண்டு டிக்கெட் போடணும்டோய்," என்றது மேகத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. பொழுது போகாதவர்களின் சிரிப்பு. எண்ணுக்கு மட்டுமே காது கொடுத்தவருக்கு, கதவுக்கு அந்தப் பக்கம் இது ஒரு நாளும் கேட்டதில்லை. தன் உயரத்துக்கு எவ்வளவு இருக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். எவ்வளவு கூடுதல் என்றும் மனசு கணக்குப் போட்டுவிட்டது. குல்லாவுக்குள் காது சுட்டது. இறங்கியவர் உள்ளே போகவில்லை, பெஞ்சிலும் உட்காரவில்லை. விறுவிறுவென்று வெளியே நடந்துவிட்டார்.

குரு அவசரமே இல்லாமல் பின்னால் வந்தார்.

சாலை வளைவில், கைப்பிடிச் சுவரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் துணிச்சுற்று. பவளம்! குல்லாவைப் பார்த்து யாரோ என்று நினைத்துக்கொண்டாள்.

"உள்ள எடை போடுறாங்களாங்க?"

"போடுறாங்க," என்றார் சீடர். குல்லாவை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இங்கயே கேக்குது. அன்னிக்கு எனக்கு நூத்திப்பத்துனு கத்தினாரு. மறுநாளே பஸ் ஸ்டாண்டுல, 'ஏ நூத்திப்பத்து, பணியாரம் குடு'ங்கிறானுங்க. என் மவளுக்கு மாப்ள பாக்குற நேரம். செத்துடலாம்னு இருந்துச்சு."

"வேற டாக்டர்கிட்டயாவது போயிருக்கலாமே..."

"ஐய, அவரு தங்கமான மனுசங்க. அரை மணி நடக்கச் சொன்னாரு. தினமும் நடக்கிறேன். இந்த வளைவு வரைக்கும் வருவேன். இன்னிக்கு உள்ள போயிடணும்னுதான் வருவேன். அந்தக் குரலு கேட்டதும் காலு தானா திரும்பிடுது."

சீடர் குல்லாவைக் கழற்றினார்.

"ஐயோ, டாக்டரு!" பவளம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் ஈரச் சாலையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் துணியை அவிழ்த்தார். புண் ஆழமாக இருந்தது. விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பு இருந்தது, ரத்தம் ஓடுகிறது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"காப்பாத்திடலாம்மா. இனிமே இந்தக் காலோட ஒரு அடி நடக்காதீங்க. நான் வர்றேன் உங்க வீட்டுக்கு."

பிறகு தலையை நிமிர்த்திக் குருவைப் பார்த்தார்.

"அத்தனையும் மனப்பாடமா வச்சிருந்தேனே அம்மா. எதை விட்டேன்?"

"எதையும் விடல டாக்டர்," என்றார் குரு. "இந்த வளைவுலேர்ந்து உங்க வாசல் எவ்வளவு தூரம்னு அதுல போடல, அவ்வளவுதான்."