கடிக்கும் என்பதற்கு எந்தக் கட்டம்?

“அம்மா, ‘கடிக்கும்’கிறதைத் தன்மையில போட்டுட்டேன். சரிதானே?”

கேட்டவர் நீலமேகம். வயது அறுபத்தாறு. ஆயுள் முழுக்க நூலகத்தில் புத்தகம் அடுக்கிவிட்டு, ஞானம் தேடி மலையடிவார ஆசிரமத்துக்கு வந்தவர். குரு பூரணியம்மாவுக்கு அவர் மகள் வயதுதான்.

வந்தவர் மந்திரம் கேட்டார். அம்மா கணினி ஒன்றைக் கொடுத்தார்.

ஆசிரமத்து ஆள், மாடு, மரம், கிணறு ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பக்கம். பக்கத்துக்கு இரண்டு கட்டம்: தன்மை, உறவு. மனுஷர் ஒரு மாதமாகக் குஷியாக நிரப்பிக்கொண்டிருந்தார்.

“எது கடிக்குது?” என்றார் அம்மா.

“செவலைதான், அந்த நாய்!” கெண்டைக்காலில் போட்டிருந்த கட்டைக் காட்டினார். “கடிக்கிற பிராணியை இங்க வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நாய் பிடிக்கிற வண்டிக்குச் சொல்லிட்டேன். இப்ப வந்துடும்.”

அம்மா எழுந்து வெளியே போனார். செவலை சமையல்கட்டு வாசலில் படுத்திருந்தது. அதன் வாயைத் திறந்து கையை உள்ளே விட்டார்.

செவலை கையை நக்கியது.

சமைக்கும் அன்னபாக்கியத்தைக் கூப்பிட்டார். அவளும் கையை விட்டாள். “இதுவா கடிக்கும்? அட போங்கய்யா!”

நீலமேகத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அப்ப நான் பொய்யா சொல்றேன்?”

“இல்லையே. உங்களைக் கடிச்சிருக்கு. எல்லாரையும் கடிச்சா தன்மை. உங்களை மட்டும்னா?”

நீலமேகம் செவலையைப் பார்த்தார்.

“உறவு.”

“மாத்திப் போடுங்க ஐயா.”

உள்ளே வந்து மாற்றினார். ‘செவலை நீலமேகத்தைக் கடித்தது’ என்று எழுதினார்.

உறவு என்று போட்டால் அந்தக் கணினி சும்மா இருக்காது. எதிராளியின் பக்கத்தையும் திறந்து, அங்கிருந்து என்ன உறவு என்று கேட்கும். பதில் எழுதாமல் விடாது. மாட்டுக்கும் கிணற்றுக்கும் எழுதியபோது அவருக்கு அது விளையாட்டாக இருந்தது.

இப்போது அவர் பக்கமே திறந்தது. ‘நீலமேகம் செவலையை’ என்று வந்து நின்றது. அதற்குப் பிறகு காலி.

“ஒண்ணுமில்லைன்னு போடலாமாம்மா?”

“நிஜம்னா போடுங்க.”

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கயிற்றோடு ஒருவன் இறங்கினான். செவலை அன்னபாக்கியத்தின் சேலைக்குப் பின்னால் போய் ஒண்டியது.

“எந்த நாய் சார்?”

நீலமேகத்துக்கு வெட்கமாக இருந்தது. ‘அடித்தார்’ என்று தட்டினார்.

“நாய் இல்லப்பா. நீ போ.”

வண்டி திரும்பிப் போகும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ‘அடித்தார்’ என்பதற்கு முன்னால் ‘தினமும்’ என்று சேர்த்தார்.