ஆறு இதழ்ப் பவழமல்லி

மற்றப் பூவெல்லாம் தரையில் விழுந்துவிட்டால் சாமிக்கு ஆகாது. பவழமல்லிக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. விழுந்ததைப் பொறுக்கித்தான் வைப்பார்கள். ஆசிரமத்தில் அந்தப் பொறுப்பு ஏகாம்பரத்துடையது.

சின்ன வேலைதான். அதிலும் கொஞ்ச நாளாக ஏதோ கோளாறு. விளக்கேற்றிவிட்டு எல்லோரும் உட்கார்ந்தே கிடப்பார்கள், பூத்தட்டு வராது. வந்தாலும் தட்டில் நாலைந்து பூதான் இருக்கும்.

அன்று பௌர்ணமி. மாலைச் சபையில் ஏகாம்பரம் முதன்முதலாகப் பேச வேண்டும். பேச்சு எடுபட்டால் மலையடிவாரக் கிளை மடம் அவர் கைக்கு வரும். வருஷக்கணக்காகக் காத்திருந்த நாள். குரு தவமணி சம்மதித்தால் போதும். குரு அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் ஏகாம்பரத்துக்கு ‘அம்மா’தான்.

காலையில் பூத்தட்டோடு அம்மா முன்னால் போய் நின்றார்.

“என்ன பேசப்போறீங்க?” என்றார் அம்மா.

“படைப்பில் ஒரு கணக்கு இருக்கும்மா. செம்பருத்திக்கு ஐந்து இதழ். அன்னாசியில் கண்கள் ஒரு பக்கம் எட்டு வரிசையாகச் சாயும், மறுபக்கம் பதின்மூன்றாகச் சாயும். பவழமல்லிக்கு ஆறு. பிசகவே பிசகாது. கடவுள் போட்ட கையெழுத்து.”

“பவழமல்லிக்கு ஆறேதானா?”

“தட்டைப் பாருங்க. ஒன்றாவது மாறியிருக்கா?”

தட்டில் ஒரு கைப்பிடிகூடத் தேறாது. அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் ஆறு.

“மரம் இவ்வளவுதான் உதிர்த்ததா?”

“மீதி சரியில்லைம்மா. ஒதுக்கிட்டேன்.”

“பூச்சி அரிச்சதா?”

“இல்லை.”

“வாடிப்போச்சா?”

“இல்லைம்மா. சிலதுக்கு ஐந்து, சிலதுக்கு ஏழு, எட்டு. விதிக்கு அடங்காதது.”

“ஓஹோ. இதைச் சலிச்செடுக்கத்தான் தினமும் எங்களை விளக்கு முன்னாடி உட்கார வச்சீங்களா?”

பக்கத்தில் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்த சிஷ்யை கற்பகம் தலையைத் தூக்கவில்லை. “மண்ணில விழுந்ததையே சாமி வேண்டாங்கலை. அண்ணனுக்குத்தான் ஆகலை போல.”

ஏகாம்பரத்தின் முகம் சிவந்தது.

அம்மா மரத்தடிக்கு நடந்தார். ஏகாம்பரமும் பின்னாலேயே போனார். ஒதுக்கிய பூக்கள் வேரை மூடிக் குவிந்து கிடந்தன. அவ்வளவு இருக்கும் என்று அவரே நினைக்கவில்லை.

“மேல்துண்டைக் கொடுங்க.”

கொடுத்தார். அம்மா அதை விரித்துப் பூவையெல்லாம் அள்ளிப் போட்டார். ஏழிதழ்ப் பூ ஒன்றை அவர் கண்ணெதிரே நீட்டினார்.

“ஆறுதான் கடவுள் கையெழுத்துன்னா, இது யார் போட்டது?”

ஏகாம்பரம் பூவையே பார்த்தார். குரல் இறங்கிக் கேட்டார்.

“அப்போ சாயங்காலம் நான் பேச வேண்டாமாம்மா?”

“யார் வேண்டாம்னா? கணக்கு இருக்கு. தாராளமா பேசுங்க.” துண்டை மூட்டையாகக் கட்டி அவர் கையில் வைத்தார் அம்மா. “பேசறதுக்கு முன்னாடி இதைச் சபை நடுவுல கொட்டிடுங்க.”