பதில் வராத இடம்

அண்டார்டிகாவின் ஓரம். உறைந்த கடல்மேல் ராடார் பெட்டியைச் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துப் போவதுதான் பேச்சியின் வேலை. பெட்டி ரேடியோ அலையைக் கீழே அனுப்பும். அலை பனிக்கட்டிக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரில் மோதித் திரும்பும். திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துப் பனிக்கட்டி எத்தனை அடி கனம் என்று சொல்லிவிடலாம். அந்தக் கனத்தை நம்பித்தான் கப்பலிலிருந்து டீசல் பீப்பாய்களோடு டிராக்டர் ஆய்வு நிலையத்துக்குப் போகும்.

வழியில் ஓரிடத்தில் மட்டும் அலை திரும்பவில்லை.

கணினி அதைப் பெரிதுபடுத்தவில்லை. இந்தப் பக்கக் கனத்தையும் அந்தப் பக்கக் கனத்தையும் சேர்த்து நடுவில் தானே ஒரு கோடு இழுத்துவிட்டது. எப்போதும் அப்படித்தான் செய்யும். பேச்சியும் எப்போதும் போல விட்டுவிட்டாள். குழுத் தலைவர் ரங்கபாஷ்யம் அந்த வரைபடத்தைப் பார்த்து டிராக்டரைக் கிளப்பச் சொன்ன பிறகுதான் அவள் அந்தக் கோட்டைத் திரும்பப் பார்த்தாள். டிராக்டர் ஓட்டும் செங்கேணி காலையில்தான் அவளிடம், "நீ கோடு போட்டா நான் கண்ண மூடிட்டு ஓட்டுவேன் தாயி" என்று சிரித்திருந்தார்.

தன் பேராசிரியை டெல்பினிடம் ஓடினாள்.

"மேடம், பதிலே வராத இடத்துல என்ன போடுறது?"

டெல்பின் கைக்கோடரியை எடுத்துக்கொண்டு அந்த இடத்தின் விளிம்புவரை அவளையும் கூட்டிப்போனார். வழியில் பழைய பனிக்கட்டியில் ஒரு சில்லு கொத்தினார். விளிம்பில், மேலே கிடந்த தூள்பனியை பூட்ஸால் ஒதுக்கி இன்னொரு சில்லு. இரண்டையும் அவள் கையில் கொடுத்தார்.

"நக்கிப் பாரு."

முதல் சில்லு வெறும் தண்ணீர்போல இருந்தது. இரண்டாவது நாக்கில் கரித்தது.

"உப்பு மேடம்."

"பழசு வருஷக்கணக்குல உப்பக் கக்கிடும். இது வெடிச்சுப் பிளந்து இப்பதான் உறைஞ்சிருக்கு. உள்ள போற அலைய உப்பே தின்னுடும்."

"அப்போ கனம்?"

"தெரியாது. டிராக்டரத் தாங்குமான்னும் தெரியாது."

அதற்குள் ரங்கபாஷ்யம் வந்துவிட்டார். திரும்பும் வழியும் உறைந்து மூடுவதற்குள் கப்பல் கிளம்ப வேண்டும், டீசல் இல்லாமல் நிலையத்தில் குளிர்காலத்தை எப்படி ஓட்டுவது, இங்கே என்ன குச்சி ஐஸ் கடையா நடக்கிறது என்று கேட்டார். அடுத்த வருடம் யாரை அழைத்து வருவதென்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னார்.

பேச்சி இதுவரை யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. அவர் கண் முன்னாலேயே, கையோடு கொண்டுவந்திருந்த கணினியின் திரையில் அந்தக் கோட்டை அழித்தாள்.

"என்ன பண்ற? வரைபடத்துல ஓட்டை விழுது பாரு."

"இருக்கட்டும் சார்."

"கோட்டைத் திரும்பப் போடு."

"முடியாது சார்."

அவர் சிரித்துக்கொண்டே டெல்பின் பக்கம் திரும்பினார். "உங்க சிஷ்யை பேசறதக் கேட்டீங்களா? சரி, நீங்களே போட்டுக் குடுங்க."

டெல்பின் டிராக்டரைப் பார்த்தார். அது உறுமிக்கொண்டு நின்றது. செங்கேணிக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

"போட்டுத் தாரேன். நீங்க போய் அங்க ஏறி உக்காருங்க."