ஜம்ப் அடிக்காத படம்

“மேடம், பேரை ஊமையாக்கிட்டாங்க” என்றான் தணிகைவேல்.

பிலோமினா மேடம் படத்தொகுப்பில் பெரிய கை. தணிகை அவரிடம் உதவியாளனாக இருந்து தொழில் கற்று இயக்குநர் ஆனவன். என்ன வந்தாலும் அவரிடம்தான் வந்து புலம்புவான்.

அது அவனுடைய முதல் படம். கதை அவன் வீட்டுக் கதை. அவன் அண்ணன், ஊரில் தோல் ஷாப் என்று சொல்லும் தோல் பதனிடும் ஆலையில் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி, விஷவாயு தாக்கிச் செத்துப்போனவன். படத்தில் தாய் தெருவில் நின்று, பிள்ளையை உள்ளே இறக்கிவிட்ட முதலாளியின் பெயரைச் சொல்லிக் கத்துவாள். தணிகையின் அம்மா அன்றைக்குக் கத்தியதும் அதையேதான்.

சென்சாரில் அந்தப் பெயருக்கு மட்டும் சத்தத்தை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். பெயரை நானும் இங்கே எழுதப் போவதில்லை. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

“படத்தோட உயிரே போச்சு மேடம்.”

“உங்க ஊர் தியேட்டர்ல உக்காந்து பாத்தியா?”

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பாக்கிறது?”

“போய்ப் பாரு.”

போனான். திரையில் தாயின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

அரங்கமே அந்தப் பெயரைக் கத்தியது. எல்லாருக்கும் மேலே அவன் அம்மாவின் குரல் கேட்டது.

சில வருடம் கழித்து மறுபடி வந்து நின்றான். கொதித்துப்போயிருந்தான்.

“டிவியில போட்டாங்க மேடம். இந்தத் தடவை சீனையே தூக்கிட்டாங்க. அம்மா தெருவுக்கு வர்றாங்க, வாயத் திறக்கிறாங்க, அடுத்த ஷாட் கல்யாண வீடு!”

மேடம் சிரித்துவிட்டார். தணிகைக்கு எரிச்சலாக வந்தது.

“ஜம்ப் அடிச்சுதா?”

வெட்டிய இடத்தில் படம் தடுக்கித் தாண்டுவதை எடிட்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

“அசிங்கமா அடிச்சுது. ஊர்லேர்ந்து ஆளாளுக்கு போன் பண்ணி, நடுவுல என்னப்பா இருந்துச்சுன்னு கேக்கறாங்க.”

“சொன்னியா?”

“சொல்லிச் சொல்லி வாயே வலிக்குது.”

“அப்ப சரி” என்று மேடம் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

காலம் மாறியது. படங்கள் கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்தன. தணிகைக்குத் தலை நரைத்தது. ஒரு பெரிய நிறுவனம் அவனைக் கூப்பிட்டு, அதே கதையை இணையத் தொடராக எடுக்கச் சொன்னது. சென்சார் என்ற பேச்சே கிடையாது. எடுத்து முடித்து, மேடத்திடம் போட்டுக் காட்டினான்.

“ஒரு இடத்துலகூட யாரும் கை வைக்கல மேடம். ரத்தம், கெட்ட வார்த்தை எல்லாம் அப்படியே இருக்கு. இதுதான் சுதந்திரம்.”

மேடம் கடைசிவரை பார்த்தார். தாய் தெருவுக்கு வந்தாள். அழுதாள். “எல்லாம் என் விதி” என்றாள். பின்னால் வயலின் வாசித்தார்கள்.

“முதலாளி பேரு?”

“எழுதும்போதே விட்டுட்டேன். யாராவது கேஸ் போட்டா, கம்பெனி தொடரையே தூக்கிடும்.”

“போடுவேன்னு யாராவது சொன்னாங்களா?”

“இல்ல.”

“தோல் ஷாப்பு?”

“பொதுவா ஒரு ஃபேக்டரின்னு வச்சிட்டேன். ஊர் பேரும் வேணாம்னு தோணிச்சு. எதுக்கு வம்பு?”

மேடம் திரையை அணைத்தார்.

“ஒரு இடத்துலகூட ஜம்ப் அடிக்கலையே” என்றார்.

ஒரு எடிட்டரின் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது. தணிகைக்குத் தலைகால் புரியவில்லை.

“ரொம்ப நன்றி மேடம்.”

“உங்கம்மாவக் கூட்டிட்டு வந்து காட்டு. என்ன கதைன்னு முன்னாடியே சொல்லாத.”

மறுநாள் கூட்டிவந்தான். அம்மாவுக்கு வயதாகியிருந்தாலும் கண்ணும் காதும் நினைவும் தெளிவு. முழுவதையும் அசையாமல் பார்த்தார். முடிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தணிகை அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“நல்லா எடுத்திருக்கப்பா” என்றார் அம்மா. “பாவம் அந்தப் பொம்பள. செத்தது யாரு வீட்டுப் புள்ள?”