ஏழாம் மாதத்துக் கிரகணம்

அறுவை மருத்துவர் ஞானதுரைக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பிளந்த உதட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்குத் தையல் போட்டே தலை நரைத்தவர். கருவில் முகம் எப்படி உருவாகிறது என்று கற்றுக்கொள்ள, தன்னைவிட இளையவரான பேராசிரியர் செந்திருவிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். செந்திரு ஆராய்வது மீன்கருக்களை. நோயாளிகளைப் பார்ப்பதில்லை.

அன்று ஞானதுரை கதவைத் தட்டாமலே ஆய்வகத்துக்குள் வந்தார்.

"மாடத்தியோட ரத்தப் பரிசோதனை முடிவு வந்துடுச்சா மேடம்?"

"வந்திருக்கு. ஒரு மரபணுவில மாற்றம் இருக்கு. அதுதான் காரணமான்னு தெரியலை."

"மூத்த பிள்ளைக்கு நான்தான் உதடு தைச்சேன். இப்ப மறுபடியும் உண்டாகி மூணு மாசம். இதுவும் அப்படித்தான் பிறக்கும், கலைச்சிடுன்னு மாமியார் கூட்டிட்டு வந்திருக்காங்க. வெளியில உட்கார்ந்திருக்காங்க. ஆமான்னோ இல்லைன்னோ ஒரு வார்த்தை சொல்லுங்க."

"தெரியாததை எப்படிச் சொல்றது?"

"அப்ப இந்த ஆராய்ச்சியெல்லாம் யாருக்கு மேடம்?"

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைகளில் வேலை நின்றது.

செந்திரு கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே நடந்தார். ஞானதுரை பின்னால் போனார்.

மாடத்தி பெஞ்சிலிருந்து எழுந்தாள். மாமியார் எழவில்லை.

"இதுக்கும் அப்படித்தானா டாக்டரம்மா?"

"தெரியலைம்மா."

"படிச்சவங்களே இப்படிச் சொன்னா எப்படி?" என்றாள் மாமியார். "எல்லாம் இவ செஞ்சது. மூத்தது வயித்துல இருக்கையில கிரகணத்தன்னிக்கு அரிவாமனையை எடுத்துக் காய் நறுக்கினா. சொன்னா கேக்கலை. பச்சப்பிள்ளை உதடு அறுந்துபோச்சு."

மாடத்தி காலடித் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

செந்திரு அவளருகே போனார்.

"அந்தக் கிரகணம் வந்தப்ப உனக்கு எத்தனை மாசம்?"

"ஏழு."

"வயித்துல பிள்ளைக்கு உதடு சேர்றது ரெண்டாம் மாசத்துல. கிரகணம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அது சேராம நின்னுபோச்சு."

மாடத்தி ஞானதுரையைப் பார்த்தாள்.

"நெசமா சார்?"

"நிஜம்தான்."

"அப்ப நான் அறுக்கலையா?"

"இல்லைம்மா."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. மாமியார் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அழுகை அடங்கும்வரை செந்திரு காத்திருந்தார்.

"இந்தப் பிள்ளைக்கும் உதடு சேர்றதா இருந்தா இந்நேரம் சேர்ந்திருக்கும். அஞ்சாம் மாசம் ஸ்கேன்ல பார்த்துடலாம். சேரலைன்னா தைக்க இவர் இருக்கார். வேணும் வேண்டாங்கிறதை நீதான் சொல்லணும்."

மாடத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போவோம் அத்தை."

சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

வராந்தாவில் இருவர் மட்டும் நின்றார்கள்.

"உதடு எப்ப சேருதுன்னு காலேஜ்லயே படிச்சேன் மேடம்," என்றார் ஞானதுரை. "மூத்தது பிறந்ததுலேருந்து அவங்களைப் பார்த்துட்டு வர்றேன். ஒருநாளும் சொல்லத் தோணலை."

"நான் ஆராய்றதே அதைத்தான் டாக்டர். நான் மட்டும் யார்கிட்டச் சொன்னேன்?"