ஓடுகொடியைக் கடித்த கரடி

ஒரு மலைக்காட்டில், மத்தியானத்துக்கே மேகம் இறங்கி வந்து உட்கார்ந்துகொள்ளும் உயரத்தில், ஒரு கரடி வசித்து வந்தது. அவசரம் என்றால் அப்படி ஓர் அவசரம் அதற்கு. குகையை விட்டு வெளியே ஓடி வந்த பிறகுதான் எதற்கு வந்தோம் என்று யோசிக்கும்.

குழந்தைகளே, அந்தக் கரடிக்குத் தன்னைப் பற்றி நன்றாகவே தெரியும். "வேண்டாத நேரத்துல யாராவது வந்தா சிவபூஜையில கரடிங்கிறாங்க. பொய் சொன்னா கரடி விடுறான்ங்கிறாங்க. எங்க குலத்துப் பெருமை இந்த ரெண்டுதான்" என்று தானே சொல்லித் தானே சிரிக்கும்.

ஆனால் உண்மையாகவே பெருமைப்பட அதனிடம் ஒன்று இருந்தது. ஊற்றங்கரையில் ஒரே ஒரு ஸ்ட்ராபெர்ரிச் செடி. காட்டில் வேறெங்கும் அது கிடையாது. முதல் வருடம் பழத்தைத் தின்று தின்று கரடிக்கு வயிற்றுவலியே வந்தது. மறு வருடம் இரண்டு கை நிறையக் கிடைத்தது. இந்த வருடம் மூன்றே மூன்று பழம். அதிலும் ஒன்றை நத்தை முந்திக்கொண்டது. அடுத்த வருடம் ஒன்றுமே இருக்காதோ என்று கரடிக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மழை தொடங்கியதும் செடியிலிருந்து மெல்லிய சிவந்த தண்டுகள் ஐந்து நீண்டு தரையில் படர்ந்தன. கரடி மைனாவைக் கூப்பிட்டது. மைனாவுக்குக் காட்டில் உள்ள அத்தனைக்கும் பெயர் தெரியும். பெயரைத் தவிர வேறொன்றும் தெரியாது.

"இது என்ன?"

"ஓடுகொடி."

"ஓடுதா? எங்கே ஓடுது?"

"பேரைக் கேட்டீங்க, சொன்னேன். மத்ததெல்லாம் எனக்கெதுக்கு?" என்று மைனா பறந்துவிட்டது.

தண்டுகள் போகும் திசையைக் கரடி பார்த்தது. ஐந்தும் கல்வரிசையை நோக்கிப் போயின. கல்வரிசைக்கு அந்தப் பக்கம் முயலின் தோட்டம்.

"அதானே பார்த்தேன். என்கிட்ட இருக்கப் பிடிக்காம மூட்டை கட்டுது" என்று கறுவிய கரடி, ஒரு தண்டைக் கடித்துத் துப்பி மிதித்தது. பிறகு இன்னொன்று. மூச்சு விடுவதற்குள் நான்கு தீர்ந்துவிட்டன. ஐந்தாவது மட்டும் கல்லிடுக்கில் நுழைந்து அந்தப் பக்கம் போயிருந்தது. கரடி எட்டிப் பார்த்தது. அதன் நுனிக்கு அருகே ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டு முயல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"என் செடியை ஓட வச்சது போதாதுன்னு, திரும்பி வராம இருக்கக் கல்லு வேற வச்சிருக்கியா?"

முயல் பொறுமைசாலி. "கோவிச்சுக்காதீங்க கரடியண்ணே. கல்லுக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு குனிஞ்சு பாருங்க" என்றது.

நுனியில் நகத்தளவு மூன்று இலைகள் மடங்கியபடி இருந்தன.

"குட்டிச்செடி, அண்ணே. காத்துல ஆடினா வேர் பிடிக்காது. அதுக்குத்தான் கல்லு. வேர் பிடிக்கிற வரைக்கும் தாய்ச்செடிதான் இந்தத் தண்டு வழியா ஊட்டும். பேருதான் ஓடுகொடி. உண்மையில இது தொப்புள்கொடி."

கரடி மெல்லத் திரும்பித் தன் காலடியில் நசுங்கிக் கிடந்தவற்றைப் பார்த்தது. "அப்ப இந்த நாலும்?"

முயல் ஆமாம் என்று தலையாட்டியது. "உங்க செடிக்கு வயசாயிருச்சு. பனிக்காலத்தைத் தாண்டாது. அதுக்குள்ள இந்த ஒண்ணாவது வேர் பிடிக்கணும். இல்லேன்னா ஸ்ட்ராபெர்ரின்னு இந்தக் காட்டுல மிஞ்சுறது மைனா சொல்ற பேரு மட்டும்தான்" என்றது.

கரடி தலையில் அடித்துக்கொண்டது. "மத்த கரடியெல்லாம் பூஜையிலதான் புகுந்துச்சு. நான் பிரசவத்துலேயே புகுந்துட்டேன். இப்ப நான் என்ன செய்யணும், சொல்லு."

"ஒண்ணும் செய்யக் கூடாது."

"அது ஒண்ணுதான் எனக்கு வராதே" என்றது கரடி.

அன்றிலிருந்து கரடி கல்வரிசை ஓரமே உட்கார்ந்தது. மூன்றாம் நாள், "வேர் வந்திருக்குமா? லேசா இழுத்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டது. முயல் முறைத்தது. அதற்குப் பிறகு கரடி இரண்டு கைகளையும் தன் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

"கரடி தவம் பண்ணுதுடோய்" என்று மரத்திலிருந்து குரங்கு கிண்டல் செய்தது.

"தவமும் இல்லை, கிவமும் இல்லை. செடியை என்கிட்டேயிருந்து காப்பாத்திக்கிட்டிருக்கேன்" என்றது கரடி.

ஒரு மாதம் போயிற்று. தாய்ச்செடியின் இலைகள் பழுக்கத் தொடங்கின. முயல் குட்டிச்செடியை மெதுவாக அசைத்துப் பார்த்தது. அது அசைந்து கொடுக்கவில்லை.

"இப்ப தண்டை வெட்டுங்க, அண்ணே."

நான்கை ஒரே மூச்சில் கடித்துத் துப்பிய கரடி இரண்டடி பின்வாங்கியது. "செத்துப் போச்சுன்னா?"

"வேர் பிடிச்சாச்சு. இனிமே சொந்தக் கால்ல நிக்கும்."

கரடி மூன்று முறை வாயைத் திறந்து மூன்று முறையும் மூடிக்கொண்டது. நான்காம் முறை கண்ணை இறுக மூடிக்கொண்டு கடித்தது. கண்ணைத் திறந்தபோது குட்டிச்செடி அப்படியே நின்றிருந்தது.

பனியில் தாய்ச்செடி காய்ந்துபோனது. குட்டிச்செடி வளர்ந்து பூத்தது. அதில் பழுத்த முதல் பழத்தை முயல் கல்வரிசைக்கு மேலாக நீட்டியது. கரடி அதை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, முயலின் தோட்டத்தில் நின்ற செடியைப் பார்த்தது.

"உன் பக்கம் ஓடிப் போயிடும்னு அன்னைக்கே நினைச்சேன். சொன்னா கரடி விடுறேன்னுதான் சொல்வாங்க" என்று சிரித்தது. அதன் மறு கையில், அடுத்த மழைக்கென்று பொறுக்கி வைத்த ஒரு கூழாங்கல் இருந்தது.

நீதி: பேரைக் கேட்டு வெட்டாதே, வேரைப் பார்த்து வெட்டு.