பச்சைத் திரை

வேதமாணிக்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய குரு ஜுலைகாவுக்கு முப்பத்தைந்து.

இருபத்தைந்து வருடம் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே மெஷின்களைப் பழுது பார்த்தவர் வேதமாணிக்கம். அந்த வேலையை வெளிக் கம்பெனி ஒன்றிடம் கொடுத்தபோது அவரைத் தரைத்தளத்து சர்வர் அறைக்கு மாற்றினார்கள். லேப், மருந்தகம், வார்டு, எல்லாக் கணினிகளும் அந்த அறையிலிருந்த ஒரே ஒரு சர்வரை நம்பித்தான் ஓடின. அதைப் பார்த்துக்கொள்பவள் ஜுலைகா.

முதல் நாளே புது நோட்டோடு போய் நின்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். அடியில இருந்து சொல்லித் தரணும்."

"உக்காருங்க அண்ணாச்சி" என்றாள்.

நான்கு மாதத்தில் நோட்டு பாதி நிறைந்தது. ஒரு காலையில் அவர் கேட்டார்.

"மேடம், நம்ம சர்வர்ல ஒவ்வொண்ணும் அஞ்சு வருஷத்துக்கு முந்தின வெர்ஷனா இருக்கே. வெளிய இதெல்லாம் எங்கயோ போயிட்டு. நாம ஏன் புதுசு போடல?"

ஜுலைகா கணினியில் எதையோ தட்டி, அச்செடுத்து, அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தாள். ஒன்றன் கீழ் ஒன்றாக நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன.

"இந்தப் பழசுல ஒண்ணே ஒண்ணை மட்டும் நம்பி ஓடுற புரோகிராம் இவ்வளவும். இதுல எத்தனை உங்களுக்குத் தெரியும்?"

அவர் விரல் வைத்து எண்ணினார். "ஆறு."

"மிச்சத்தையும் தெரிஞ்சுக்கிடுங்க. பிறவு பேசுவோம்."

அவருக்கு அது சமாதானமாகப்படவில்லை. எக்ஸ்ரே மெஷினில் பழைய பாகத்தைக் கழற்றிப் புதிதை மாட்டினால் படம் தெளிவாக விழும். மேடத்துக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டார். தாள் நோட்டுக்குள் போனது.

அடுத்த மாதம் லேபுக்குப் புதிய ரிப்போர்ட் சாஃப்ட்வேர் வாங்கினார்கள். முடிவு தயாரானதும் நோயாளியின் போனுக்கே தமிழில் போய்விடும். ஆனால் அந்த நாற்பத்தொன்றும் நம்பியிருக்கும் பழைய வெர்ஷனில் அது ஓடாது, புதியது வேண்டும்.

"மூணு வாரத்துல இன்னொரு சர்வர் வருது" என்றாள் ஜுலைகா. "புதுசை அதுல தனியா போடுவோம். இதைத் தொடவேண்டாம்."

சர்வர் அறைச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, தங்கை கல்யாணத்துக்கு அவள் காயல்பட்டினம் போனாள். லேபிலிருந்து தினமும் போன் வந்தது. எப்போது வரும், எப்போது வரும் என்று கேட்டார்கள். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேதமாணிக்கம் சர்வர் முன்னால் உட்கார்ந்தார்.

சர்வரைத் தயாரித்த கம்பெனி புதிய வெர்ஷனைத் தரவில்லை. வெளியாள் யாரோ தயாரித்து இணையத்தில் வைத்திருந்தார்கள். அங்கிருந்து எடுத்தார். இதைப் போட வேண்டுமானால் உள்ளே ஏற்கெனவே இருக்கும் பதினொரு பாகங்களையும் சேர்த்து மாற்ற வேண்டும், மாற்றலாமா என்று திரை கேட்டது.

பதினொன்றின் பெயர்களும் அங்கே இருந்தன. அவர் படித்தார். ஒன்றும் விளங்கவில்லை. சரி என்று அழுத்தினார்.

எல்லாம் நன்றாகவே நடந்தது. பத்து மணிக்கு முதல் ரிப்போர்ட் ஒரு நோயாளியின் போனுக்குப் போனது. லேபிலிருந்து கூப்பிட்டுக் கைதட்டினார்கள். அன்றைக்கு அவர் இரண்டு டீ குடித்தார்.

அந்த நாற்பத்தொன்றில் ஒரு சின்ன புரோகிராம் உண்டு. எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவர் எழுதியது. லேபில் உயிருக்கு ஆபத்தான முடிவு ஏதாவது வந்தால், அதை எடுத்துக்கொண்டு போய் வார்டில் இருக்கும் திரையைச் சிவப்பாக்கி மணியடிக்கும். அதற்கு அது ஒன்றுதான் வேலை. தனக்கு வேண்டிய பழைய பாகத்தைக் காணாமல் அது ஒன்பதே காலுக்கு நின்றுபோனது. எந்தச் சத்தமும் போடவில்லை. வார்டின் திரை எப்போதும்போலப் பச்சையாக, 'அபாய முடிவுகள் எதுவும் இல்லை' என்று காட்டிக்கொண்டிருந்தது.

டயாலிசிஸுக்கு வந்திருந்தாள் இசக்கியம்மாள். முப்பத்தெட்டு வயது, பீடி சுற்றுகிறவள். அவள் ரத்தத்தில் பொட்டாசியம் ஏழரையைத் தாண்டியிருந்தது. இதயத்தை நிறுத்தக்கூடிய அளவு. பத்து நாற்பதுக்கு லேபில் அந்த முடிவு வந்துவிட்டது. அவளிடம் போன் கிடையாது. தன்னுடைய முறைக்காக அவள் பெஞ்சில் காத்திருந்தாள். நர்ஸ் இரண்டு தடவை திரையைப் பார்த்தாள். பச்சையாக இருந்தது.

பன்னிரண்டே காலுக்கு இசக்கியம்மாள் பெஞ்சிலிருந்து சரிந்தாள். ஒரு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

செய்தி கேட்டு ஜுலைகா பஸ் பிடித்துச் சாயங்காலம் வந்து சேர்ந்தாள். கல்யாணத்துக்குக் கட்டிய புடவையை மாற்றவில்லை, கையில் மருதாணி. சர்வரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாள். வார்டுக்குப் போன் செய்து மணி அடிக்கிறதா என்று கேட்டாள். பிறகு திரும்பினாள்.

"என்னைய வேலையை விட்டு அனுப்பிருங்க மேடம்" என்றார் வேதமாணிக்கம்.

"அதுக்குக் கமிட்டி இருக்கு. இப்ப எங்கூட வாங்க."

பிணவறைக்கு வெளியே இசக்கியம்மாளின் கணவர் பெருமாள் வேப்பமரத்தடியில் நின்றார். டாக்டர் பாதி சொல்லியிருந்தார்.

"மீதியை நீங்க சொல்லுங்க" என்றாள் ஜுலைகா.

வேதமாணிக்கம் சொன்னார். தான் ஒரு புதிய சாஃப்ட்வேர் போட்டதையும், அதனால் மணி அடிக்காமல் போனதையும், மேடம் தொடவேண்டாம் என்று சொல்லியிருந்ததையும், ஒன்று விடாமல்.

பெருமாள் அடிப்பார் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். பெருமாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் புதுசை எதுக்குய்யா போட்டீங்க?"



"ரிப்போர்ட் சீக்கிரமா வந்து சேரணும்னு."

கமிட்டி இரண்டு நாள் விசாரித்தது. வேலை போகவில்லை. துணைக்கு இன்னொரு ஆளை வைக்காமல் சாவியை அவரிடம் விட்டு ஊருக்குப் போனதற்காக ஜுலைகாவின் பெயரையும் எழுதினார்கள். அவள் மறுத்துப் பேசவில்லை.

அதன் பிறகு வேதமாணிக்கம் சர்வரைத் தொடுவதில்லை. தூசு துடைப்பார், சூடு பார்ப்பார், அறையைப் பூட்டுவார். புது சர்வர் வந்து இறங்கியது. அதைப் பிரிக்கவும் ஜுலைகாதான் வரவேண்டியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை அவள் பழைய சர்வரின் திரையில் கிடந்த ஓர் அறிவிப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"இது எத்தனை நாளா காத்துக் கெடக்கு?"

"இருபத்துமூணு நாளா."

"என்னன்னு படிச்சியளா?"

"படிச்சேன். உள்ள ஒரு ஓட்டை இருக்காம். அடைக்கிறதுக்குக் கம்பெனிக்காரனே அனுப்பியிருக்கான்."

"ஏன் போடல?"

"நல்லா ஓடிட்டிருக்கு மேடம். எதுக்குத் தொடணும்?"

ஜுலைகா நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். வரிகள் மேலேறிக்கொண்டே இருந்தன.

"இது என்ன மேடம்?"

"வெளிய இருந்து நம்ம சர்வரைத் தட்டிப் பாக்கிறவங்க. அந்த ஓட்டையத் தேடி வாறாங்க. நேத்து மட்டும் அறுநூறு தடவை."

அவர் பார்த்தார். கண்ணெதிரே இன்னும் மூன்று வரி ஏறியது.

"உள்ள வந்துட்டா?"

"மணி மட்டும் இல்ல. லேபு, மருந்து, எல்லாத்தையும் பூட்டிட்டுப் போயிருவான்."

வேதமாணிக்கம் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"போட்டாலும் சாவு, போடாட்டியும் சாவுன்னா நான் என்னதான் செய்ய மேடம்?"

"அன்னைக்கு நீங்க போட்டது வேற ஆள் செஞ்ச புதுசு. இது நம்ம பழசேதான். வெர்ஷன் நம்பர் மாறாது. ஓட்டைய மட்டும் தச்சுக் குடுத்திருக்கான்." எழுந்தாள். "முதல்ல புது சர்வர்ல இதே மாதிரி ஒண்ணு செஞ்சு, அதுல போட்டுப் பாருங்க. நாளைக்குப் பதினொரு மணிக்கு இதுல."

அன்று முழுக்க அவர் சோதித்தார். மணியை மட்டும் பதினேழு தடவை அடிக்க வைத்தார். எல்லாத் தடவையும் அடித்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு உட்கார்ந்தார். ஒரு பாகம் மாறும், மாற்றலாமா என்று திரை கேட்டது. அது என்ன பாகம் என்று இந்தத் தடவை அவருக்குத் தெரியும். இருந்தும் விரல் இறங்கவில்லை.

"மேடம், இன்னைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. தட்டிருதேன்."

ஜுலைகா போனை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"எங்க போறிய?"

"லேபுக்கு. இனி வர்ற முடிவு ஒவ்வொண்ணையும் பேப்பர்ல வாங்கி, நானே கொண்டு போய் நர்ஸ் கையில குடுக்கப் போறேன். நீங்க தட்டுங்க."

"நேத்து பதினேழு தடவை அடிச்சுதே மேடம். அப்பவும் இன்னைக்கு அடிக்கும்னு சொல்லமாட்டியளா?"

"அதைச் சொல்ல முடியாதுன்னுதான் அண்ணாச்சி, நான் அங்க போய் நிக்கேன்."